ஓபன் சோர்ஸ் ரிக்ரஷன் லைப்ரரில கோடைத் தொடாம கமெண்ட் மட்டும் திருத்தி அனுப்புனா மதிப்பாங்களா?

மதிப்பாங்க, ஆனா எந்த மாதிரி கமெண்ட்டுங்கறத பொறுத்து இருக்கு. ஸ்பெல்லிங் திருத்துறதும் நல்லதுதான், யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க. ஆனா நான் சொல்றது கணக்கு தப்பா எழுதியிருக்கற கமெண்ட்.

வேற சாஃப்ட்வேர்ல கமெண்ட்டை நம்பி தப்பா யூஸ் பண்ணா எங்கயாவது எரர் அடிக்கும். ரிக்ரஷன்ல (ஒண்ணு மாறும்போது இன்னொண்ணு எவ்வளவு மாறுதுன்னு டேட்டால இருந்து கணிக்கற முறை) என்ன குடுத்தாலும் ஒரு கோஎஃபிஷியன்ட், அதாவது அந்த மாற்றத்தோட அளவு, வந்து நிக்கும், பாக்க ஒழுங்காவும் இருக்கும், யாருக்கும் சந்தேகமே வராது. பைத்தானோட சைக்கிட்-லேர்ன் லைப்ரரில ரிட்ஜ், லாஸோன்னு ரெண்டு ரிக்ரஷன் வகை இருக்கு, கோஎஃபிஷியன்ட் ரொம்பப் பெருசாகாம இருக்க ரெண்டும் பெனால்டி போடும். அந்த பெனால்டி அளவுக்கு ரெண்டுலயும் ஆல்ஃபான்னுதான் பேரு, ஆனா லாஸோல எரர் ஸ்கொயர் கூட்டுத்தொகைய டேட்டா வரிசை எண்ணிக்கையோட ரெண்டு மடங்கால வகுத்துடுவாங்க, ரிட்ஜ்ல அந்த வகுத்தலே கிடையாது. அதனால 1000 வரிசை இருந்தா, லாஸோவோட ஃபார்முலாவ ரிட்ஜ் ஸ்டைல்ல மாத்தி எழுதிப் பாத்தீங்கன்னா ஆல்ஃபா 1ங்கறது 2000ன்னு வந்து நிக்கும். இது போதாதுன்னு ஆர் மொழியில ஜிஎல்எம்நெட்ங்கற பேக்கேஜ்காரங்க ஆல்ஃபான்னு சொல்றது எல்1 (லாஸோ பெனால்டி), எல்2 (ரிட்ஜ் பெனால்டி) கலவை விகிதத்த, பெனால்டி அளவு அங்க லாம்டா. அங்கேருந்து கோட் எடுத்து எழுதறவங்க கமெண்ட்டையும் அப்படியே ஒட்டுனா எந்த டெஸ்ட்டும் ஃபெயில் ஆகாது, படிக்கறவன்தான் மாட்டுவான்.

தப்பு சீக்கிரமா திருந்தறதும் முக்கியம். ஆர்ல ரிக்ரஷன் சம்மரில "ரெசிடுவல் ஸ்டாண்டர்ட் எரர்"னு வரும்ல, அது தப்பான பேருன்னு சிக்மா ஃபங்ஷனோட ஹெல்ப் பேஜ்லயே ஒத்துக்கிட்டு, ஆனா ஏகப்பட்ட அவுட்புட்ல போயிட்டதால இனிமே மாத்தறது கஷ்டம்னும் எழுதி வெச்சிருக்காங்க 😄

திருத்தும்போது டெக்ஸ்ட்புக்க மட்டும் பாத்து திருத்தாதீங்க. புக்ல ஓஎல்எஸ்னா (பெனால்டி இல்லாத சாதாரண ரிக்ரஷன்) மேட்ரிக்ஸ் இன்வர்ஸ் ஃபார்முலா இருக்கும், ஆனா அதே விடைய ஆர்ல எல்எம் ஃபங்ஷன் க்யூஆர்ங்கற வேற மேட்ரிக்ஸ் முறையில போடுது, பைத்தானோட ஸ்டாட்ஸ்மாடல்ஸ் லைப்ரரி டீஃபால்ட்டா சூடோ இன்வர்ஸ்ங்கற இன்னொரு முறையில போடுது. கமெண்ட் "இதுதான் டெஃபினிஷன்"னு சொன்னா அந்த ஃபார்முலா சரி, "இப்படித்தான் கணக்கு போடறோம்"னு சொன்னா தப்பு. அஞ்சாறு வரிசை டேட்டா எடுத்து நம்பைல (பைத்தானோட கணக்கு லைப்ரரி) கையால போட்டுப் பாத்து, முடிஞ்சா அதையே டாக்டெஸ்ட்டா (விளக்கத்துக்குள்ளயே எழுதி ஓட்டிப் பாக்கற டெஸ்ட்) சேத்து அனுப்புங்க. ரிவியூ பண்றவருக்கும் பாதி வேலை மிச்சம்.

இன்னொன்னு, கமெண்ட்டும் கோடும் ஒத்துப் போகலைன்னா கமெண்ட்தான் தப்புன்னு முடிவு கட்டிடாதீங்க. வேரியன்ஸுக்கு டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடமால (வரிசை எண்ணிக்கைலேருந்து கணிச்ச கோஎஃபிஷியன்ட் எண்ணிக்கைய கழிச்சது) வகுக்கணும்னு கமெண்ட் சொல்லுது, கோட் மொத்த வரிசை எண்ணிக்கையால வகுக்குதுன்னு வைங்க. டேட்டா பெருசா இருந்தா ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியாது, அதனால பக் வருஷக்கணக்கா அங்கயே கெடக்கலாம். அத கவனிக்காம கமெண்ட்டை மாத்தி அனுப்பிட்டா அந்த பக்குக்கு நாமளே சர்டிஃபிகேட் குடுத்துட்டோம்னு ஆயிடும். இந்த மாதிரி இடத்துல நேரா திருத்தம் (பேட்ச்) அனுப்ப வேணாம், முதல்ல ப்ராஜெக்ட் பக்கத்துல இஷ்யூவா பதிவு போட்டு எது சரின்னு லைப்ரரிய பாத்துக்கற மெயின்டெய்னர்கிட்ட கேட்டுக்கோங்க.