தொப்புள் கொடி விழுந்த இடத்தில் சிவப்புச் சதை: ஆபரேஷன் தேவையா?

கேள்வி: பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் இருக்கிறோம். குழந்தை பிறந்து 24 நாள். 9-ஆம் நாள் கொடி விழுந்தது. இப்போது தொப்புளுக்குள் துவரம்பருப்பு அளவில் சிவப்பாக ஒரு சதை நிற்கிறது. பனியனில் மஞ்சள் கறை படிகிறது. பக்கத்து நர்சிங் ஹோமில் ஸ்கேன் எடுத்து, அட்மிட் செய்து, வெட்டி எடுக்க வேண்டும் என்கிறார்கள். மாமியார் வசம்பைச் சுட்டு வைக்கச் சொல்கிறார். எதைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது பெரும்பாலும் தொப்புள் கிரானுலோமா. கொடி விழுந்த புண் ஆறும்போது, தோல் மூடுவதற்குள் ஆறும் சதை கொஞ்சம் கூடுதலாக வளர்ந்துவிடுகிறது. அதில் நரம்பு கிடையாது. தொட்டால் குழந்தைக்கு வலிக்காது. நீங்கள் எதையும் தவறாகச் செய்து அது வந்துவிடவில்லை.

முதல் வேலை, ஒரு குழந்தை மருத்துவர் தொப்புளை இரண்டு விரலால் விரித்து நல்ல வெளிச்சத்தில் பார்ப்பது. இரண்டு நிமிடம்கூட ஆகாது. அதைச் செய்யாமலேயே ஸ்கேனுக்குச் சீட்டு எழுதும் வழக்கம் எப்படி வந்தது என்று எல்லாருக்கும் தெரியும். டிஸ்சார்ஜ் சீட்டில் தடுப்பூசித் தேதி இருக்கும், பில் பாக்கி இருக்கும். கொடி விழுந்தபின் என்ன பார்க்க வேண்டும் என்று ஒரு வரி இருக்காது. அந்த ஒரு வரி இல்லாததால்தான் பெற்றோர் பயப்படுகிறார்கள். பயந்தவர்களிடம் பேக்கேஜ் சுலபமாக விலைபோகிறது.

கிரானுலோமாதான் என்று அவர் உறுதிசெய்தால், சமையல் உப்பே போதும். இது ஆய்வுகளில் சோதித்துப் பார்த்த முறை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கொதித்து ஆறிய வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்துத் தொப்புளைத் துடைத்து, ஈரம் போக ஒற்றுங்கள். தூள் உப்பில் ஒரு சிட்டிகை, சதை மட்டும் மறையும் அளவுக்கு, அதன் மேல் வையுங்கள். கல் உப்பு வேண்டாம், தோலைக் கீறும். மேலே மடித்த காஸ் துணி வைத்து ஒட்டுங்கள். 10 முதல் 30 நிமிடம் கழித்து எடுத்து, உப்பு துளியும் மிஞ்சாமல் அதே நீரால் துடைத்துவிடுங்கள். காலை ஒன்று, மாலை ஒன்று, மூன்று நாள். உப்பு சதையிலுள்ள நீரை இழுப்பதால் அது வெளிறி, கறுத்து, சுருங்கும். சுற்றுத் தோலில் புண் இருந்தால் உப்பு வைக்காதீர்கள். குறைமாதக் குழந்தைக்கு மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

சுருங்காவிட்டால் மருத்துவர் சில்வர் நைட்ரேட் என்ற, சதையைப் பொசுக்கும் மருந்து தடவிய குச்சியால் தொடுவார். தொடுமுன் ஈரத்தை ஒற்றி எடுத்துச் சுற்றிலும் வாசலின் தடவுகிறாரா என்று பாருங்கள். மருந்து வழிந்தால் நல்ல தோல் வெந்துவிடும். சதை சாம்பல் நிறமாவது இயல்பு. சில நாள் விட்டுத் திரும்பத் தொட வேண்டியிருக்கலாம். இந்தக் குச்சி பல இடங்களில் கையிருப்பில் இருக்காது. ஆபரேஷன் தியேட்டர் மட்டும் எப்போதும் தயாராக இருக்கும்!

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இரண்டு மூன்று முறை மருந்து வைத்தும் அசையவில்லை, சதை கெட்டியாக, பளபளவென்று செக்கச்செவேல் என்று நிற்கிறது என்றால் அது கிரானுலோமாவாக இல்லாமல் பாலிப்பாக இருக்கலாம். கருவில் குடலையும் தொப்புளையும் இணைத்த குழாயின் மிச்சம். குடலின் உட்தோல் அது. உப்பும் குச்சியும் அதற்கு ஏறாது. சில நேரம் அதன் பின்னால் குடல்வரை வழி திறந்திருக்கும். அதனால்தான், ‘நூல் கட்டினால் தானாக விழுந்துவிடும்’ என்று சரியாகப் பார்க்காமலே கட்டுகிறவரிடம் குழந்தையைக் கொடுக்காதீர்கள். தொப்புளில் மலமோ பித்தமோ கசிந்தாலும் இதே சந்தேகம்தான். குழந்தை அழும்போது தெளிந்த நீர் சொட்டி மூத்திர வாடை அடித்தால், சிறுநீர்ப்பைவரை வழி திறந்திருக்கலாம். இவர்களுக்கு ஸ்கேன் உண்மையிலேயே தேவை, ஆபரேஷனும் தேவைப்படலாம். அதைக் குழந்தை அறுவை மருத்துவர் செய்ய வேண்டும். இந்திரா காந்தி குழந்தைகள் நல நிறுவனம் போன்ற இடத்துக்குப் போங்கள். ‘உள்ளே கூட்டம், நான் நல்ல இடம் காட்டுகிறேன்’ என்று எந்த ஆஸ்பத்திரி வாசலில் யார் வந்தாலும் நேராகச் சீட்டு வாங்கும் கவுண்டருக்கு நடங்கள். அவருக்கு ஆள் பிடித்துக் கொடுத்தால் கமிஷன்.

வசம்புக் கரி, மஞ்சள், விளக்கெண்ணெய், எண்ணெய்க் குளியலுக்கு வரும் ஆயாவின் பொடி எதுவும் வேண்டாம். டால்கம் பவுடர்கூட அங்கே தங்கித் தனியாக ஒரு கட்டியை உண்டாக்கலாம். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) விஷம். மாமியாரிடம் கோபப்படாதீர்கள், டாக்டர் வேண்டாம் என்றார் என்று சொல்லுங்கள். டயப்பரைத் தொப்புளுக்குக் கீழே மடித்துக் கட்டுங்கள்.

தொப்புளைச் சுற்றிய தோல் சிவந்து வீங்கினால், நாற்றமடித்தால், காய்ச்சல் வந்தால், குழந்தை பால் குடிக்காமல் துவண்டால் அது கிருமித்தொற்று. இந்த வயதில் சில மணி நேரத்திலேயே ரத்தத்துக்குப் பரவலாம். நள்ளிரவானாலும் அப்போதே ஓடுங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால் நாளைக் காலை மருத்துவரிடம் காட்டி, உப்பைத் தொடங்குங்கள். ஆறாவது வாரத் தடுப்பூசிக்குப் போகும்போது சட்டையைத் தூக்கித் தொப்புளையும் ஒருமுறை காட்டுங்கள்.