கேட்டதும் சொன்னதும்: பட்டறைப் பக்கம்

கேள்வி: ஐயா, கட்டட வேலையில் தச்சுப் பயிற்சிக்குச் சேர்ந்து ஆறு மாதமாகிறது. மரம் தூக்குவது, சீவல் கூட்டுவது, உளி தீட்டுவது, இவ்வளவுதான் தருகிறார்கள். என் நண்பன் வேறு இடத்தில் சேர்ந்து மெஷினில் அறுக்கவே ஆரம்பித்துவிட்டான். நான் ஏமாறுகிறேனா?

பதில்: தம்பி, மூன்றையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். கூட்டுவது கூட்டுவதுதான். அதில் ஞானம் ஒளிந்திருக்கிறது என்றெல்லாம் நான் கதை விடமாட்டேன்.

உளி விஷயம் வேறு. சுமார் 25 டிகிரி சரிவில் சாணை பிடித்து, நுனியை மட்டும் கல்லில் 30 டிகிரிக்குத் தீட்ட வேண்டும். பின்பக்கம் சமதளமாக இருக்க வேண்டும். மரத்தை வெட்டிய முனையில் சீவிப் பாருங்கள். நார் கசங்காமல் வழவழவென்று வந்தால் தேறிவிட்டீர்கள். மழுங்கிய உளிதான் கையைப் பதம் பார்க்கும், அதை அழுத்தித் தள்ள வேண்டியிருப்பதால்.

மரம் தூக்கும்போது சும்மா தூக்காதீர்கள். ஒரு கண்ணை மூடி ஓரத்தை நீளவாக்கில் பாருங்கள். வளைந்திருக்கிறதா, முறுக்கியிருக்கிறதா? எது வைரம் (நடுவிலிருக்கும் கெட்டி மரம்), எது வெளிறு (பட்டையை ஒட்டிய இளமரம்)? மரம் காயும்போது அகலத்தில் சுருங்கும், நீளத்தில் அநேகமாகச் சுருங்காது. அதனால்தான் கதவுச் சட்டத்தின் காடிக்குள், அதாவது நீளப் பள்ளத்துக்குள், நடுப்பலகையைப் பசை வைத்து ஒட்டாமல் விடுகிறோம். ஒட்டினால் பலகை வெடிக்கும்.

நீங்கள் கேட்டு வாங்க வேண்டிய வேலை அறுப்பதில்லை, குறி போடுவது, அதாவது எங்கே அறுக்க வேண்டும் என்று மரத்தில் கோடு போடுவது. "இந்தக் கதவு நிலைக்கு நான் குறி போடட்டுமா? அறுக்கும் முன் நீங்கள் பார்த்துவிடுங்கள்" என்று மேஸ்திரியிடம் கேளுங்கள். அவருக்கு நஷ்டமில்லை, பென்சில் கோடு அழியும். கழுந்தின் (இன்னொரு மரத்தின் துளைக்குள் நுழையும் முனையின்) கனம் மரத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, ரம்பம் ஓடுவது கோட்டின் கழிவுப் பக்கம், நிலையைப் பூட்டியதும் இரண்டு மூலைவிட்டமும் ஒரே அளவு: இதெல்லாம் குறி போடுகிறவன் மண்டையில்தான் ஏறும். நிறுத்தும்போது தூக்குக்குண்டை (நூலில் தொங்கும் குண்டு) நிலையின் முகத்திலும் பக்கத்திலும் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சாய்ந்த நிலையில் மாட்டிய கதவு, விட்ட இடத்தில் நிற்காது.

பலமுறை கேட்டும் பென்சிலைத் தரவில்லையென்றால் இடத்தை மாற்றுங்கள். அது பயிற்சியில்லை, கூலியாள் வேலை.

நண்பனைப் பார்த்துப் பொறாமை வேண்டாம். ரம்பத் தகட்டில் மரம் சிக்கினால் ஆளை நோக்கித் திருப்பி எறியும். தகட்டின் மூடியையும் அதன் பின்னால் நிற்கும் கத்தியையும் கழற்றிவிட்டு அறுக்கச் சொல்கிறார்களா என்று அவனிடம் கேளுங்கள். முகமூடியும் முக்கியம்: உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

கேள்வி: தச்சு வேலை பழகப் போகிறேன். சொந்தமாக முதலில் என்ன வாங்கலாம்? (வாசகி ஒருவர்)

பதில்: மூலைமட்டம், அம்மா. மூலை சரியாக 90 டிகிரிதானா என்று பார்க்கும் கருவி அது. வாங்கும் முன், நேரான ஓரமுள்ள பலகையில் அதை வைத்து ஒரு கோடு போடுங்கள். அப்படியே புரட்டிப் போட்டு, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழவில்லையென்றால் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டு வேறொன்று கேளுங்கள்.