தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வசந்த காலத்தில் வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி, அவற்றின் புழுக்களை எங்கே பார்க்கலாம், எப்படி அடையாளம் காண்பது?

வீட்டில் கறிவேப்பிலை மரமோ எலுமிச்சையோ இருந்தால் முதல் புழுவுக்காக நீங்கள் வாசலைத் தாண்டவே வேண்டாம். கொழுந்து இலையின் மேல் கருப்பும் வெள்ளையுமாகப் பறவை எச்சம் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். ஒரு குச்சியால் லேசாகத் தொட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்பு நீண்டு, காட்டமான வாடை அடித்தால் அது எச்சம் இல்லை, புழு. கடைசித் தோலுரிப்புக்குப் பிறகுதான் பச்சையாக மாறும். அந்தச் சின்ன வயதில் அது லைம் வண்ணத்துப்பூச்சியா, காமன் மார்மனா என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். பொறுத்திருந்தால் பூச்சியே சொல்லிவிடும். பின்சிறகில் வால் இருந்தால் மார்மன். வால் இல்லாமல் வெளிர்மஞ்சளும் கருப்பும் திட்டுத்திட்டாக இருந்தால் லைம்.

நான் பாலக்கோடு பக்கம். வீட்டில் மல்பெரித் தோட்டமும் பட்டுப்புழு வளர்ப்பு மனையும் உண்டு. அதனால் பூச்சியைவிடப் புழுதான் எனக்கு முதலில் பழக்கம். நான்கு முறை சட்டை உரிக்கும், ஐந்து பருவம், கடைசிப் பருவத்தில்தான் மொத்தத் தீனியில் பெரும்பங்கு தின்னும் என்பதெல்லாம் எங்கள் பக்கம் பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் தெரியும். பட்டுப்புழுவுக்கு மல்பெரி இலை எப்படியோ, பெரும்பாலான காட்டுப் புழுக்களுக்கும் அப்படி ஒன்றோ சில செடிகளோதான் தீனி. ஆகவே என் யோசனை, சிறகைப் பார்த்துப் பெயர் தேடுவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள், முதலில் செடியைப் படியுங்கள். பூச்சி உங்களுக்காக நிற்காது, செடி எங்கேயும் போகாது.

இன்னொன்று, படங்களில் பார்க்கும் பூத்துக் குலுங்கும் வசந்தத்தை இங்கே தேடாதீர்கள். மாசியில் இலை கொட்டி, பங்குனியில் புங்கனும் மாவும் தளிர்விட்டு, சித்திரை வெயிலுக்கு நடுவே கோடை மழை இரண்டு தூறிவிட்டுப் போகும். நம்மூர் வசந்தம் அவ்வளவுதான். பூச்சிக் கூட்டம் அதிகம் பறப்பது மழை பிடித்த பிறகு, ஆவணி தாண்டித்தான். ஆனால் காடு காய்ந்து கிடக்கும்போது பச்சை இருக்கும் இடத்தில்தான் எல்லாம் வந்து சேரும், தேடுகிறவருக்கு அது லாபம். புங்கன் தளிரையே எடுத்துக்கொள்ளுங்கள். இளம் இலைகள் மடித்து ஒட்டப்பட்டிருந்தால் உள்ளே பேண்டட் ஆல் என்ற துள்ளி வகை வண்ணத்துப்பூச்சியின் புழு இருக்க வாய்ப்பு அதிகம். பூச்சி பழுப்பு நிறம், சிறகின் அடிப்பக்கம் ஒரு வெள்ளைப் பட்டை. பறக்கும் வேகத்தில் கண்ணுக்கே சிக்காது, புழுவாகப் பார்ப்பதுதான் எளிது.

ரோட்டோரத்து எருக்கை யாரும் மதிப்பதில்லை. எனக்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. கருப்பு, வெள்ளை, மஞ்சள் வளையங்களோடு ஒரு புழு ஒளியாமல் உட்கார்ந்து தின்னும். அதுதான் வெந்தய வரியன், ஆங்கிலப் பெயர் ப்ளெயின் டைகர். எருக்கம்பாலின் நஞ்சை உடம்பில் சேர்த்து வைத்திருப்பதால் பறவையைப் பற்றிக் கவலைப்படாது. அதன் உடம்பில் மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கருப்பு இழைகளை எண்ணுங்கள், மூன்று ஜோடி. வீட்டு முன்னால் உள்ள அரளியில் நான்கு ஜோடி இழையோடு ஒரு புழு இருந்தால் அது காமன் குரோ என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு. அதன் கூட்டுப்புழு வெள்ளிப் பாத்திரம்போல் பளபளக்கும், அதற்காகவே அரளி இலையின் அடியில் தேடலாம். நீல வரியன் புழுவுக்கு இரண்டே ஜோடிதான். ஆக இந்தக் குடும்பத்தில் நிறத்தைவிட எண்ணிக்கையை நம்பலாம்.

வளர்ந்த பூச்சியில் ஏமாற்றுக்காரர்கள் நிறைய. டனாய்ட் எக்ஃப்ளை என்ற பூச்சியின் பெண், வெந்தய வரியனைப் போலவே வேஷம் போடும். பின்சிறகின் நடுவில் மூன்று நான்கு கரும்புள்ளி இருந்தால் அசல், ஒன்றே ஒன்று என்றால் வேஷம். (இந்த வேஷக்காரியின் புழுவைப் பருப்புக்கீரைச் செடியில் தேடுங்கள், எருக்கில் இருக்காது. செடியைப் படியுங்கள் என்று சொல்வது இதற்குத்தான்.) மார்மன் பெண்ணும் லேசுப்பட்டதில்லை. ஆணைப் போலவே ஒரு வடிவம், காமன் ரோஸ் என்ற வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒன்று, கிரிம்சன் ரோஸ் என்ற இன்னொன்று மாதிரி ஒன்று என்று மூன்று வடிவத்தில் வரும். சிறகைப் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், உடம்பைப் பாருங்கள். ரோஸ் இரண்டுக்கும் உடம்பு சிவப்பு, மார்மனுக்குக் கருப்பு. ரோஸ் இரண்டின் புழுவும் ஆடுதின்னாப்பாளையிலும் அதன் இனக் கொடிகளிலும்தான் வளரும். அந்தக் கொடிகள் களை என்று பிடுங்கப்படும் ஊரில் அந்தப் பூச்சிகளும் குறைந்துவிடும்.

மாமரத்துக்கு வருவோம். கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு பாரன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுவைப் பார்க்காமல் இருப்பது நியாயமில்லை. உடம்பு பச்சை, இரு பக்கமும் இறகு மாதிரி கிளைவிட்ட நீண்ட முட்கள், முதுகில் வெளிர் கோடு. அந்தக் கோட்டை மாவிலையின் நடுநரம்போடு பொருத்தி உட்கார்ந்துவிட்டால் முகத்துக்கு நேராக இருந்தாலும் தெரியாது. பெங்களூரா தோப்புகளில் பூ எடுத்ததிலிருந்து மருந்து அடிப்பார்கள், அங்கே தேடிப் பயனில்லை. மருந்து படாத கொல்லைப்புற மரமாகப் பாருங்கள். வைகாசி, ஆனியில் மண்டியில் ஒதுக்கிப்போட்ட அழுகல் பழம் கிடைத்தால் நிழலில் ஒரு கல்மேல் வைத்துவிடுங்கள். பூவை எட்டிப் பார்க்காத பாரனும் ஈவினிங் பிரவுன் என்ற வண்ணத்துப்பூச்சியும் அதற்கு வரும். ஈவினிங் பிரவுனைக் கோடையில் பார்த்தால் அடிச்சிறகு காய்ந்த சருகு போலவே இருக்கும், மழைக்காலத்தில் அதே இனத்துக்குக் கண்புள்ளிகள் வந்துவிடும். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து வேறு இனம் என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு.

ஆமணக்கில்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். ஒரே செடியில் பல வகைப் புழு இருக்கும். வழவழப்பான உடம்போடு முதுகை வளைத்து நடப்பது காவடிப்புழு, அது அந்துப்பூச்சியாகும். பச்சை உடம்பில் கிளைத்த முள்ளோடு இருப்பது காமன் காஸ்டர் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு, சாது. கால் தெரியாமல் நத்தை மாதிரி நகர்ந்து, முதுகில் நீலக் கோடும் பக்கங்களில் கொத்துக்கொத்தாக முள்ளும் இருந்தால் கை வைக்காதீர்கள், அது கொட்டும். முள் குத்தினாலோ கம்பளிப்பூச்சி முடி பட்டாலோ தேய்க்கக் கூடாது. செலோடேப்பை ஒட்டி ஒட்டி எடுத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மூச்சு வாங்கினாலோ கண்ணில் பட்டாலோ நேராக மருத்துவமனைதான். முருங்கை அடிமரத்தில் கும்பலாக அப்பிக்கிடக்கும் கம்பளிப்பூச்சிக்கும் இதே எச்சரிக்கை. குழந்தைகளை அந்த மரத்தடியில் விளையாட விடாதீர்கள்.

அந்துப்பூச்சியா வண்ணத்துப்பூச்சியா என்பதற்குச் சிறகு நிறம் உதவாது, உணர்கொம்பைப் பாருங்கள். வண்ணத்துப்பூச்சிக்கு நுனி தடித்திருக்கும். அந்துப்பூச்சிக்கு நூல் மாதிரியோ சீப்பு மாதிரியோ இருக்கும். பகலில் பறக்கும் அந்துகளும் உண்டு. கிலுகிலுப்பைச் செடியில் வெள்ளைச் சிறகில் சிவப்பும் கருப்புமாகப் புள்ளி வைத்த ஒன்று பகலிலேயே எழும்பிப் பறந்தால் அது யுடெதெய்சா என்ற அந்து. நந்தியாவட்டையில் விரல் தடிமனில் பச்சைப் புழு, வால்பக்கம் ஒரு கொம்பு, தலைக்குப் பின்னால் நீலக் கண் இரண்டு என்றால் அரளிப் பருந்து அந்து. மண்ணுக்கு இறங்கும் முன் பழுப்பாக மாறிவிடும். பச்சையாக இருந்ததும் இதுவும் ஒன்றேதான்.

இரவில் அந்துப்பூச்சி பார்க்க, திரையாகக் கட்ட ஒரு வெள்ளை வேட்டியும் அதன்மேல் வெளிச்சம் விழ ஒரு பல்பும் போதும். நிலா வெளிச்சம் இல்லாத நாளாகப் பார்த்து, கோடை மழை பெய்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ கட்டுங்கள். அரூர்ப் பக்கத்து மானாவாரி நிலக்கடலைக் காட்டுக்காரர்களுக்கு அந்த இரவு நன்றாகத் தெரியும். மண்ணுக்குள் மாதக்கணக்கில் கூட்டுப்புழுவாகக் கிடந்த சிவப்புக் கம்பளிப்புழுவின் தாய்ப்பூச்சிகள் மழை ஈரம் பட்டதும் மொத்தமாக வெளியேறும். விளக்குப்பொறியோ தீமூட்டமோ வைத்து அவற்றை அழிப்பார்கள். நமக்குக் காட்சி, அவர்களுக்குக் கடலை. அதனால் யாருடைய காட்டோரம் வேட்டி கட்டுகிறீர்கள் என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

வெளியே போகவேண்டும் என்றால் ஒகேனக்கல் பக்கம் சின்னாற்று ஈரமணலைச் சொல்வேன். காலை பத்து மணிக்குமேல் எமிகிரன்ட், ஜே போன்ற வண்ணத்துப்பூச்சிகள் எல்லாம் உப்புச்சத்துக்காகக் கூட்டமாக உட்காரும், வருவதில் பெரும்பாலும் ஆண்கள். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைக் காடுகளில் யானை நடமாட்டம் அதிகம். வனத்துறை அனுமதி இல்லாமல் ரோட்டைவிட்டு இறங்காதீர்கள். சித்திரை, வைகாசியில் நீல வரியனும் குரோவும் ஒரே திசையில் தொடர்ந்து பறந்தால் திசையையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே அவை வலசை போவது பதிவாகியிருக்கிறது.

புழுவை வீட்டில் வளர்த்துப் பார்க்க நினைத்தால், எடுத்த அதே செடியின் இலையைத் தினமும் புதிதாகப் போடுங்கள். டப்பாவில் ஈரம் தேங்கக் கூடாது. வளர்ந்தபின் பூச்சிக்குப் பதிலாகக் குளவியோ ஈயோ வெளிவந்தால் அதிர்ச்சியடைய வேண்டாம், புழுவின் மேலோ உள்ளேயோ முட்டை வைத்துப்போன ஒட்டுண்ணியின் வாரிசு அது. பட்டுப்புழுவிலும் ஊசி ஈ இதே வேலையைத்தான் செய்கிறது. உங்கள் வீட்டிலோ பக்கத்திலோ புழு மனை இருந்தால் காட்டுப் புழுவை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், நோய் தொற்றினால் மனையில் வளரும் புழு மொத்தமும் போய்விடும்.

அடையாளம் கேட்டு ஐநேச்சுரலிஸ்ட் என்ற உயிரினப் பதிவு இணையதளத்தில் படம் போடும்போது புழுவின் மேற்பக்கம், பக்கவாட்டு, தலை மூன்றும் வேண்டும். பூச்சியென்றால் சிறகின் அடிப்பக்கமும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக அது தின்றுகொண்டிருந்த இலையைத் தனியாக ஒரு படம் எடுங்கள். அந்த ஒரு படம் இல்லாமல் போட்டுவிட்டு, யாரும் பதில் சொல்லவில்லை என்று வருத்தப்படுகிறவர்கள்தான் அதிகம்.