ரிப்பன் சுத்துறதுக்கு மியூசிக் எதுக்கு? – வாசகர் கேள்விகள்

கேள்வி: 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் (ரிப்பன், பந்து, வளையம்னு கையில வச்சுக்கிட்டு மியூசிக்குக்கு ஆடுறது) பார்த்தேன், ஜெர்மனியோட டார்யா வர்ஃபோலோமீவ் தங்கம் ஜெயிச்சாங்களே அந்தப் போட்டி. பின்னாடி ஓடுற மியூசிக் சும்மா அழகுக்குத்தானா, இல்ல அதுக்கும் மார்க் உண்டா?

பதில்: மார்க் உண்டுங்க. பாரிஸ்ல இருந்த விதிப்படி கலைநயத்துக்குன்னே தனி நடுவர் குழு, 10 மார்க்ல ஆரம்பிச்சு தப்புக்குத் தப்பு குறைச்சுக்கிட்டே வருவாங்க. தாளத்தோட ஒட்டி வர்ற நடன அசைவுகள் குறைஞ்சது 8 செகண்ட், அது ரெண்டு தடவையாவது வரணும். மியூசிக் ஏறுற இடத்துல ஆட்டமும் ஏறணும், அது அடங்குறப்ப இதுவும் அடங்கணும். மியூசிக் ஒரு பக்கம் அழுதுட்டு இருக்க, பொண்ணு அதைக் கண்டுக்காம பந்தை உருட்டிட்டு இருந்தா, எவ்வளவு கஷ்டமான வித்தை பண்ணாலும் அங்க மார்க் போயிடும்.

இதுல ஆச்சரியப்பட ஒண்ணும் இல்ல, ஏன்னா இந்த விளையாட்டோட வேர்லயே இசை இருக்கு. சுவிட்சர்லாந்து இசை ஆசிரியர் எமில் ஜாக்-டால்க்ரோஸ், தாளத்தைக் காதால மட்டும் இல்ல உடம்பாலயும் கத்துக்கணும்னு ஒரு பயிற்சி முறையையே உண்டாக்குனாரு, பிற்பாடு ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் ஆனதுல அதுக்குப் பெரிய பங்கு இருக்கு. அதான் மியூசிக்கை இதுல இருந்து பிரிச்சுப் பார்க்கவே என்னால முடியல.

கேள்வி: முன்னாடி எல்லாம் பியானோ மட்டும்தான் வாசிப்பாங்களாமே? இப்ப பாட்டே ஓடுதே?

பதில்: ஆமா, 1984 லாஸ் ஏஞ்சலஸ்ல முதல்தடவை ஒலிம்பிக்ல சேர்த்து கனடாவோட லோரி ஃபங் தங்கம் வாங்குன காலத்துல பியானோதான் வழக்கம். அப்புறம் பெரிய இசைக்குழு ரெக்கார்டிங் எல்லாம் வந்துச்சு. வார்த்தையோட பாட்டு 2013-ல இருந்துதான், முதல்ல கட்டுப்பாட்டோட, இப்ப எல்லா ஆட்டத்துக்கும் போடலாம். ஆனா ஆர்ட்டிஸ்டிக் ஜிம்னாஸ்டிக்ஸ்ல (கம்பில தொங்கி, குட்டிக்கரணம் அடிக்கிற வகை) பொண்ணுங்க ஃப்ளோர் ஆட்டத்துக்கு, அதாவது தரை விரிப்புல ஆடுறதுக்கு, வார்த்தை இல்லாத மியூசிக்தான், ஆம்பளைங்க ஃப்ளோருக்கு மியூசிக்கே கிடையாது.

பக்கத்துல உக்காந்து பியானோ வாசிக்கிறவங்க ஆடுற பொண்ணைப் பார்த்து ஒரு நொடி இழுக்கலாம், ரெக்கார்டிங் யாருக்காகவும் நிக்காது. வளையம் கையை விட்டு ஓடுச்சுன்னா அதை எடுக்குறதுக்குள்ள நாலு தாளம் போயிடும், அதுக்கப்புறம் எதை விட்டுட்டு எங்க போய் மியூசிக்கோட சேர்ந்துக்கணும்னு அந்தப் பொண்ணு ஓடிக்கிட்டே முடிவு பண்ணணும், இதைத்தான் நான் இந்த விளையாட்டுலயே பெரிய திறமைன்னு சொல்வேன். டோக்கியோ ஒலிம்பிக்ல இஸ்ரேலோட லினோய் அஷ்ரம் கடைசி ஆட்டத்துல ரிப்பனைத் தவறவிட்டாங்க, விடாம ஆடி முடிச்சாங்க, 107.800-க்கு 107.650-ன்னு ரஷ்ய வீராங்கனை டினா அவெரினாவை வெறும் 0.150-ல தாண்டி தங்கம் வாங்கிட்டாங்க.

கேள்வி: சிங்கப்பூர்ல இருக்கோம், பொண்ணுக்கு 9 வயசு, இப்பதான் போட்டிக்குப் போறா. அவளுக்குப் பிடிச்ச தமிழ்ப் பாட்டைப் போடலாமா?

பதில்: தாராளமாப் போடலாம்மா, எந்த மொழி எந்த இசைன்னு தடை இல்ல. பிரச்சனை நீளம்தான். பெரியவங்க தனிநபர் ஆட்டமே 1 நிமிஷம் 15 செகண்ட்ல இருந்து 1 நிமிஷம் 30 செகண்டுக்குள்ள முடியணும், கூடக் குறைய ஆனா செகண்டுக்கு 0.05 போகும். குட்டிப் பசங்களுக்கு நேரம் போட்டிக்குப் போட்டி மாறும், கோச் கிட்ட கேட்டுக்கோங்க. பாட்டை வெட்டும்போது பல்லவி நடுவுல திடீர்னு முடிஞ்சா கேக்கவே நல்லா இருக்காது, ஆடுறவளுக்கும் கடைசி போஸ் எங்க நிக்கணும்னு புரியாது, அதனால முடிவை முதல்ல தேர்ந்தெடுத்துட்டு அப்புறம் முன்னாடி பக்கம் வெட்டுங்க. ஒரே வேகத்துல ஓடுற குத்துப்பாட்டு குழந்தைக்குப் பிடிக்கும்தான், ஆனா மெதுவா ஆடிக் காட்ட இடமே இருக்காது. ரிப்பனுக்கு இழுத்து இழுத்துப் பாடுறது பொருந்தும், ஏன்னா அது ஓயாம அசைஞ்சுட்டே இருக்கணும். கிளப்ஸ்னா (கைக்கு ஒண்ணா பிடிச்சு ஆடுற சின்னக் கட்டைங்க) மிருதங்கம் மாதிரி டக்குடக்குன்னு விழுற தாளம் எடுங்க.

இன்னொண்ணு, களத்துல வேற யாரோட மியூசிக்காவது மாறி ஓடிடுச்சுன்னா உடனே நின்னுடச் சொல்லிக் கொடுங்க, சரியான மியூசிக்கோட திரும்ப ஆட விடுவாங்க. முழுசா ஆடி முடிச்சுட்டா அப்புறம் முறையிட முடியாது.