படம் வராத பெட்டி: திருத்துவதா, மாற்றுவதா?

கேள்வி: என் தம்பி கட்டாரிலிருந்து வந்தபோது மகனுக்கு பிளேஸ்டேஷன் 4 என்ற வீடியோ கேம் பெட்டி ஒன்று கொண்டுவந்தான். ஏழு வருடம் நன்றாக ஓடியது. தீபாவளிக்குச் சுண்ணாம்பு அடிக்க டிவியை இழுத்து நகர்த்தினோம். அன்றிலிருந்து படம் இல்லை. வெள்ளை விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது, டிவியில் மட்டும் 'சிக்னல் இல்லை' என்று வருகிறது. டவுனில் ஒரு கடையில், "போட் போயிட்டு, செய்ய ஏலாது, இதைக் கொடுத்து 45,000 ரூபா போட்டால் வேறொன்று தரலாம்" என்கிறார்கள். கண்டியில் ஒருவர் 12,000 ரூபாவுக்குத் திருத்தலாம் என்கிறார். நான் கொழுந்து எடுக்கிறவள். 45,000 என்றால் என் ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். யாரை நம்புவது?
- ஒரு தாய், பொகவந்தலாவை

பதில்: தங்கச்சி, மாற்றாதீர்கள். திருத்துங்கள்.

'போட் போயிட்டு' என்றாரே, எந்தப் போட் என்று கேட்டீர்களா? நம் வாயில் இரண்டு சொல்லும் ஒன்றாகத்தான் வருகிறது. ஒன்று, பெட்டிக்குள் விரிந்து கிடக்கும் மதர்போர்ட், எல்லாச் சிப்பும் இருக்கும் பெரிய பலகை. மற்றது, டிவிக்குப் படம் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ வயரைப் பின்பக்கம் சொருகுகிற போர்ட், கட்டைவிரல் நகம் அளவுள்ள சின்னத் தகரக் கூடு. அந்த ஒரு சொல்லில் உங்கள் 33,000 ரூபா தொங்கிக்கொண்டிருக்கிறது.

வெள்ளை விளக்கு நின்று எரிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் பெட்டி உள்ளே ஓடுகிறது. நீல விளக்கு விட்டுவிட்டு எரிந்து அப்படியே அணைந்திருந்தால் நானும் யோசித்திருப்பேன். டிவியை இழுத்தபோது வயரும் சேர்ந்து இழுபட்டிருக்கும். ஹட்டனில் இந்தத் திருத்து மேசைக்கு முன்னால் 19 வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். சுண்ணாம்பு அடிக்கிற மாதத்தில் இதே கோளாறு தவறாமல் வரும்.

கண்டிக்கு பஸ் ஏறுமுன் வீட்டிலேயே பாருங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, போன் டோர்ச்சை அந்தக் கூட்டுக்குள் அடியுங்கள். உள்ளே ஒரு கறுப்பு நாக்கு, அதன் மேலும் கீழுமாக 19 கம்பிகள், சீப்பின் பல் மாதிரி வரிசையாக. ஒரு பல் வளைந்தோ, பக்கத்துப் பல்லோடு ஒட்டியோ, நாக்கே உடைந்தோ இருந்தால் கோளாறு அங்கேதான். எதுவும் தெரியவில்லையா? வேறு வயர், வேறு டிவி போட்டுப் பாருங்கள். அப்புறம், பெட்டியை அணைத்துவிட்டு பவர் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். முதலில் ஒரு பீப், ஏழு வினாடி கழித்து இன்னொரு பீப். இரண்டாவது பீப்பில் கையை எடுத்தால் 'சேஃப் மோட்', அதாவது கோளாறு பார்க்கிற மெனு, திறக்கும். படம் குறைந்த அளவில், 480பி-யில் வரும். அங்கே படம் வந்துவிட்டால் செட்டிங்கில் பிழையாக இருக்கலாம், அப்படியானால் ஒரு சதமும் செலவில்லை.

இடி மின்னல் அடித்த மாலையில் படம் போயிருந்தால் கதை வேறு. நம் பக்கம் ஐப்பசி இடியில் மின் பிளக்கைக் கழற்றுவார்கள், கூரையில் இருக்கும் டிஷ் வயரை மறந்துவிடுவார்கள். மின்னல் அந்த வயர் வழியாக டிவிக்குள் வந்து, எச்டிஎம்ஐ வழியாகப் பெட்டிக்குள் போய்விடும். அப்போது போர்ட் பார்க்க நன்றாகவே இருக்கும், அதன் பின்னால் இருக்கும் சிப் எரிந்திருக்கும். அதையும் மாற்றலாம், செலவு கூடும்.

நான் மாற்ற வேண்டாம் என்று சொல்வதற்குப் பணம் மட்டும் காரணமில்லை. உங்கள் மகன் ஏழு வருடம் ஆடியதன் சேமிப்பு, பிள்ளைகள் 'சேவ்' என்பது, முழுக்கப் பெட்டிக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. அதைக் கழற்றி வேறு பிளேஸ்டேஷன் 4-இல் போட்டால் அது படிக்காது, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்கவா என்றுதான் கேட்கும். அந்தந்தப் பெட்டியின் பூட்டு அந்தந்தப் பெட்டிக்கே. பெட்டியை அப்படியே கொடுத்துவிட்டால், பிள்ளை சேர்த்த விளையாட்டெல்லாம் அதோடு போய்விடும். ஒரு பையன் இந்த மேசையில் பெட்டியை வைத்துவிட்டு, "அங்கிள், சேவ் மட்டும் இருந்தால் போதும்" என்று நின்றது எனக்கு மறக்கவில்லை. திருத்தி வந்ததும் முதல் வேலையாகச் சேமிப்புகளை ஒரு பென் டிரைவுக்கு எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

கண்டிக்காரரிடம் இரண்டே கேள்வி. முதலாவது, சூடான காற்றால் போர்ட்டைக் கழற்றுகிறீர்களா, ஈயம் உருக்கும் வெறும் அயனாலா? வெறும் அயனால் நெம்பியவர்கள் பலகையில் உள்ள செம்புத் தடங்களையும் சேர்த்துப் பிய்த்திருக்கிறார்கள். அப்படி வந்த ஒரு பெட்டிக்கு மயிரிழைக் கம்பிகளாக ஒட்டி ஒருநாள் முழுக்க உட்கார்ந்தேன். இரண்டாவது, கழற்றிய பழைய போர்ட்டைக் கையில் தருவீர்களா? தருகிறேன் என்பவரிடம் கொடுங்கள். டிஸ்க் டிரைவின் சின்னப் பலகையை மட்டும் வேறு எதனோடும் மாற்ற விடாதீர்கள். அதுவும் அந்த மதர்போர்டோடு சேர்ந்தது. மாற்றினால் டிஸ்க் எதையும் படிக்காது.

திறக்கும்போதே தூசு எடுத்து, சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் பசையைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பெட்டி அடுப்படிச் சுவரோரம் இருக்கிறதா? விறகுப் புகை விசிறியில் பிசினாக ஒட்டும். கரப்பானுக்கும் அந்தச் சூடு பிடிக்கும். இடத்தை மாற்றுங்கள்.

கேள்வி: முதல் வகைப் பெரிய பிளேஸ்டேஷன் 3 வைத்திருக்கிறேன். மஞ்சள் விளக்கு எரிந்து நின்றது. இரண்டு முறை சூடாக்கித் திருத்தினேன். மூன்றாவது முறை செய்யலாமா?
- நுவரெலியா வாசகர்

பதில்: வேண்டாம் தம்பி. சூடு கொடுத்தால் சில நாள் ஓடும், திரும்பவும் நிற்கும். இரண்டு முறை பார்த்துவிட்டீர்கள். உங்கள் டிஸ்குகள் பிளேஸ்டேஷன் 4-இல் ஓடாது. அதனால் 2009-இல் வந்த மெல்லிய பிளேஸ்டேஷன் 3 ஒன்றைப் பழையதாகத் தேடுங்கள். இந்தப் பெட்டி எப்போதாவது ஒருமுறை உயிர் பெற்றால், ஆட உட்காராமல் முதலில் சேமிப்புகளை யூஎஸ்பிக்கு எடுத்துவிடுங்கள்.