நெல்லைச் சீமையில் வண்டித் தொந்தரவு இல்லாமல் மலை, ஆறு, கடல் மூன்றையும் ஒரே நாளில் சைக்கிளில் பார்க்க முடியுமா?

முடியும். நம்பியாற்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை தாமிரபரணிக் கரையிலேயே போகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ஆசை நல்ல ஆசைதான். ஆனால் அது ஒரு நாளுக்கு ரொம்ப நீளம். நடுவில் திருநெல்வேலி நகரத்தைக் கடந்தாக வேண்டும். மண்பாதைக்காக வருகிறவருக்கு ஜங்ஷன் நெரிசலில் ஒரு மணி நேரம் எதற்கு?

நம்பியாறு சின்ன ஆறு. மகேந்திரகிரிப் பக்கத்து மலைகளில் பிறந்து திருக்குறுங்குடி, ஏர்வாடி, சித்தூர், கோட்டைக்கருங்குளம் என்று இறங்கி, ஆத்தங்கரை பள்ளிவாசல் பக்கத்தில் மன்னார் வளைகுடாவில் சேர்கிறது. மொத்த நீளமே ஏறக்குறைய 45 கிலோமீட்டர்தான். மகேந்திரகிரி 1,600 மீட்டருக்கு மேல் உயரம். அவ்வளவு உயரத்துக்கும் கடலுக்கும் நடுவில் இவ்வளவு குறைந்த தூரம் என்பதால், பயணம் முழுக்க மலை உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்துகொண்டே இருக்கும்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ரோட்டைத் தேடாதீர்கள், தண்ணீர் போகிற வழியைத் தேடுங்கள். இந்தச் சீமையில் வண்டி இல்லாத பாதை என்று யாரும் தனியாகப் போட வேண்டியதில்லை. குளத்துக்கரை, வாய்க்கால்கரை, மறுகால் ஓடையோரம் என்று நம் முன்னோர் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு குளம் நிரம்பினால் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்துக்குப் போகும், அது நிரம்பினால் அதற்கடுத்த குளம். இப்படிக் கடல் வரைக்கும் ஒரு சங்கிலி. தண்ணீர் மேடு ஏறாது. அதனால் அதன் கூடவே போகிற நமக்கும் பெரிய ஏற்றம் கிடையாது.

செயற்கைக்கோள் வரைபடத்தில் பார்த்தால் ஒன்று புரியும். நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிவதால், பெரும்பாலான குளங்களுக்குக் கரை கிழக்குப் பக்கத்தில்தான் வளைந்து கிடக்கும். காலை ஏழு மணிக்கு அந்தக் கரைமேல் போய்ப் பாருங்கள். வெயில் உங்களுக்குப் பின்னாலிருந்து வந்து நேரே மலையில் விழும். மலை முழுசாகக் குளத்துத் தண்ணீரில் கிடக்கும். கரைக்கு இந்தப் பக்கம் பள்ளத்தில் பிசானப் பருவ நெல், பனை, கொக்கு. இத்தனை வருஷம் சைக்கிள் ஓட்டியதில் எனக்கு இதைவிடப் பிடித்த காட்சி இல்லை.

ஆனால் ஆறு கிழக்கே போகிறது, கரையோ தெற்கு வடக்காகக் கிடக்கிறது. அதனால் நேர்கோட்டில் போக முடியாது. ஒரு கரையில் போய், மடைப் பக்கம் இறங்கி, வாய்க்காலோரமாக அடுத்த குளம் என்று வளைந்து வளைந்துதான் போக வேண்டும். 45 கிலோமீட்டர் ஆறு எங்களுக்கு 62 கிலோமீட்டர் பயணமாக முடிந்தது. திருக்குறுங்குடி நம்பி கோயில் வாசலில் விடியக் கிளம்பி, கடற்கரை சேரும்போது பிற்பகல் மூன்று. அவசரமே படவில்லை.

மலைப் பக்கம் ஒரு எல்லை உண்டு. திருக்குறுங்குடிக்கு மேற்கே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அங்கே சைக்கிளைக் கொண்டு நுழையப் பார்க்காதீர்கள். காட்டு விலங்குகளின் இடம் அது. ஊரிலிருந்தே தொடங்குங்கள்.

ஏர்வாடி தாண்டியதும் நான்குவழிச்சாலை குறுக்கிடும். வண்டிகள் பறக்கிற ரோடு; பாலம் இருக்கிற இடமாகப் பார்த்து அடியில் கடந்துவிடுங்கள். அதற்கப்புறம் நிலத்தின் நிறமே மாறும். சித்தூரில் நம்பியாற்றின் தென்கரையில் மகாராஜா கோயில் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வம் கும்பிடக் கூட்டம் வரும்; மற்ற நாட்களில் ஆற்று மணலில் மர நிழல் மட்டும்தான். நாங்கள் கொண்டுபோன புளிச்சோற்றை அங்கேதான் சாப்பிட்டோம்.

சித்தூருக்குக் கிழக்கே காத்தாடி நாடு. காற்றாலைக்குக் கிரேன் போகப் போட்ட சரள் ரோடுகள் அகலமாக, இறுகிக் கிடக்கும். வெளிநாட்டில் கிராவல் பைக் என்று ஒரு தனி வகையே வைத்து ஓட்டுகிற பாதை இதுதான். சில இடங்கள் கம்பெனி நிலம். காவலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவதே மரியாதை. இதுவரை எங்களை யாரும் மறித்ததில்லை, குடிக்கத் தண்ணீர் கொடுத்தவர்கள்தான் உண்டு.

இந்தக் காத்தாடிகள் ஏன் இங்கே நிற்கின்றன என்பதையும் யோசியுங்கள். ஆனி முதல் ஆவணி வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேல்காற்று கொட்டும். அந்த மாதங்களில் கடலை நோக்கிப் போனால் காற்றே தள்ளிக்கொண்டு போய்விடும். மேற்கே திரும்பினால் நடக்கிற வேகம்கூட வராது. மலையிலிருந்து கடலுக்குத்தான் போக வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இது ஒரு காரணம். நல்ல மாதம் தை, மாசி. வடகிழக்குப் பருவமழை முடிந்து குளமெல்லாம் நிறைந்திருக்கும், சேறு காய்ந்திருக்கும். முதல் நாளே கிளம்பி வர முடிந்தால் மூலைக்கரைப்பட்டி பக்கம் கூந்தன்குளத்தில் பறவைகளையும் பார்த்துவிடலாம். அந்த ஊர்க்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை.

கடலுக்குக் கொஞ்சம் முன்னால் தேரி வரும். செக்கச் செவேலென்ற மணல். மழை பெய்து இரண்டு நாளுக்குள் போனால் இறுகியிருக்கும். இல்லாவிட்டால் எவ்வளவு அகலமான டயரும் புதையும். இறங்கித் தள்ளுங்கள், அவ்வளவுதான். பங்குனி வாக்கில் போனால் பனையேறிகள் பட்டையில் பதநீர் ஊற்றித் தருவார்கள்.

முகத்துவாரத்தில் நாங்கள் போனபோது அலை மணலைக் குவித்து ஆற்றின் வாயை மூடியிருந்தது. உள்பக்கம் உப்பங்கழி போல அசையாத தண்ணீர், வெளியே கடல். எல்லா மதத்தாரும் வந்து போகிற பள்ளிவாசல் பக்கத்திலேயே. காலையில் கையெட்டும் தூரத்தில் நின்ற மலை இப்போது மேற்கே நீலக்கோடாகத் தெரிந்தது. கூட வந்த என் அத்தான் அதைப் பார்த்தபடி வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

சைக்கிள் பற்றி: 40 மில்லிமீட்டர் டயர் போதும். காற்றைக் குறைவாக வையுங்கள். என் எடைக்கு 35 பிஎஸ்ஐ. பெரிய எதிரி முள். உடைமுள்ளும் சீமைக்கருவேல முள்ளும் கரை முழுக்கக் கிடக்கும். முதல் தடவை ஒரு கடையில் சாலை டயரே போதும் என்று சொன்னதை நம்பிப் போய், ஏர்வாடி சேர்வதற்குள் நான்கு பஞ்சர். டியூப்லெஸ் டயரில் ஓட்டையைத் தானே அடைக்கிற சீலண்ட் ஊற்றிய பிறகு முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறேன்.

குளத்து மிகுதி நீர் வழிகிற கல்கட்டான கலிங்கின் மேல் தண்ணீர் ஓடினால் ஓட்டிக் கடக்காதீர்கள், பாசி வழுக்கும். அறுவடைக் காலத்தில் கரையில் நெல் காயும். ஒரு ஆச்சி எங்களிடம், “எய்யா, நெல்லு காயுதுல்லா, இறங்கி உருட்டிட்டுப் போங்கய்யா” என்றார். அந்தக் கரை அவர்களுடைய களம். இறங்கி ஓரமாகத்தான் போக வேண்டும்.

முழு நாள் வேண்டாம், குழந்தைகளோடு ஒரு காலைப்பொழுது போதும் என்றால் கன்னடியன் கால்வாய்க் கரை. கல்லிடைக்குறிச்சிப் பக்கத்துத் தாமிரபரணி அணைக்கட்டிலிருந்து வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று வயலுக்கு நடுவே போகும். ஒரு பசு நடந்த வழியில் கால்வாயும், அது கோமியம் பெய்த இடத்தில் மடையும், படுத்த இடத்தில் குளமும் வெட்டியதாகக் கதை சொல்வார்கள். கரையில் ஓட்டிப் பார்த்தால் அந்த நிதானம் தெரியும்.

2023 டிசம்பர் 17, 18 பெருமழையில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குப் பெய்தபோது, இந்தப் பக்கமும் பல கரைகள் உடைந்தன. அடைத்த இடங்களில் புதுச் சரள் கிடக்கிறது, ஓட்ட நன்றாகவே இருக்கிறது. கோட்டைக்கருங்குளத்துக்கு முன்னால் ஒரு கரை மட்டும் நாங்கள் போனபோது அடைபடவில்லை. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடையில் இறங்கி ஏறினோம். திரும்ப, திசையன்விளையிலிருந்து லோடு ஆட்டோவில் ஏற்றி வள்ளியூர் ரயில் நிலையம் வந்து சேர்ந்தோம்.