விகாரை பாணியில் ரிசார்ட் கட்டுவது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

விகாரை, அதாவது பௌத்தத் துறவிகளின் மடம், அதன் பாணியில் விடுதி கட்டுவது பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டன. எனக்குப் பிடித்த இடத்தில் நீளமாக எழுதுவேன், மற்றதற்கு ஒரு வரிதான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அடுக்குக் கூரையில் ஆரம்பிக்கலாமா, அக்கா?

கூரையில் ஆரம்பித்தால் கல்யாண மண்டபத்தில் போய் முடியும். முதலில் தரை வரைபடத்தைப் பாருங்கள். நாளந்தா இடிபாடுகளானாலும் அஜந்தாவின் விகாரக் குகைகளானாலும் நடுவில் பெரிய பொது இடம், சுற்றிலும் துறவிகளுக்குச் சிறு அறைகள், அவ்வளவுதான். அதுவும் ஒரு தங்கும் விடுதிதானே? நாம் இன்று அதைத் தலைகீழாக்கி, அறையை ஊதிப் பெருக்கிவிட்டு முற்றத்தைச் சுருக்குகிறோம். இலங்கையின் பழைய தலைநகரான அநுராதபுரத்துத் தவ மடங்கள் இன்னும் அழகு. இரண்டு கல் மேடைகள், இடையில் ஒரு கல் பாலம், ஒரு மேடையில் கட்டடம், இன்னொன்று வெறும் வெளி. சிற்பம் என்று எதுவும் இல்லை. வேலைப்பாடு முழுவதும் எங்கே போயிற்று என்றால், துறவிகள் சிறுநீர் கழிக்கும் கற்களுக்கு! ஆடம்பரத்தைத் துறவிகள் எவ்வளவு இழிவாக மதித்தார்கள் என்பதற்கு அதையே சாட்சியாகச் சொல்வார்கள்.

ரிசெப்ஷனில் ஆளுயரப் புத்தர் வைக்கலாமா?

வேண்டாம். இலங்கையிலும் தாய்லாந்திலும் மியன்மாரிலும் அது அலங்காரப் பொருள் இல்லை, வழிபடும் உருவம். 2014இல் கையில் புத்தரைப் பச்சை குத்தியிருந்த ஒரு பிரிட்டிஷ் பயணியையே இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். உங்கள் விருந்தினர்கள் சிலைக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுப்பார்கள், ஏச்சு உங்களுக்கு விழும்.

நீச்சல் குளத்துக்கு ஏதாவது முன்மாதிரி உண்டா?

நல்ல கேள்வி. அநுராதபுரத்தின் குட்டம் பொக்குண, அதாவது இரட்டைக் குளம். துறவிகள் குளித்த இடம். நீர் நேராகக் குளத்துக்குள் விழாது. முதலில் சிறு தொட்டிகளில் தங்கி வண்டலை இறக்கிவிட்டு, அப்புறம்தான் மகரம் என்ற கற்பனை நீர்விலங்கின் கல் வாய் வழியாக உள்ளே வரும். இரண்டு குளங்களும் நிலத்தடிக் குழாயால் இணைந்தவை. சுவரே படிப்படியாக உள்ளிறங்குவதால் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். மகர வாயை மட்டும் ஃபைபரில் வார்த்துச் சுவரில் ஒட்டிவிட்டு "பாரம்பரியம்" என்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எடுக்க வேண்டியது படிகளை.

வாஸ்துப்படி வாசல் எந்தத் திசையில்?

என் துறை இல்லை.

குளியலறை வாசலில் சந்திரவட்டக்கல் பதிக்கலாமா? மிதிக்கத்தானே வைத்தார்கள்?

சந்திரவட்டக்கல் என்பது படிக்கட்டின் அடியில் பதிக்கும் அரைவட்டச் சிற்பக் கல். மிதிக்கத்தான், ஆனால் எதை மிதிக்கலாம் என்று யோசித்துத்தான் வைத்தார்கள். அநுராதபுரத்துக் கற்களில் யானை, குதிரை, சிங்கம், எருது நான்கும் வரும். பிறகு தலைநகரான பொலன்னறுவையின் காலத்தில் எருதைக் காணோம். இந்துக்களுக்குப் புனிதமானதைக் காலில் படவைக்கக் கூடாது என்று எடுத்துவிட்டதாக விளக்கம் சொல்வார்கள். நீங்கள் நான்கையும் கொண்டுபோய்க் குளியலறையில் போடப் பார்க்கிறீர்கள்.

தூபி வடிவில் தனி அறைகள் கட்ட ஆசை.

தூபி சுற்றி வருவதற்கு. உள்ளே திண்ணமாக நிரப்பிய மேடு அது, அதில் கட்டில் போட்டுப் படுப்பதா? ஜாவாவில் பொரோபுதூர் என்ற பெரிய பௌத்தத் தூபியைப் பார்த்தபடி கட்டடக் கலைஞர் எட் டட்டில் வடிவமைத்த அமன்ஜிவோ ரிசார்ட்டிலும் பெரிய குவிமாடம் பொது மண்டபத்துக்குத்தான்.

தோட்டத்தில் புத்தர் தலை மட்டும் வைத்தால்?

மேலே சொல்லிவிட்டேன். தலை மட்டும் என்றால் இன்னும் மோசம், சிலையை அறுத்துத் திருடி விற்ற வரலாறுதான் நினைவுக்கு வரும்.

இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் கந்தலம ஹோட்டல்தானே விகாரை பாணிக்குச் சிறந்த உதாரணம்?

அலங்காரத்தைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். கான்கிரீட் சட்டகம், தட்டைக் கூரை, மேலே செடிகள். ஆனால் நுழைவைக் கவனியுங்கள். குகை வாய் போன்ற முகப்பு, பாறையை ஒட்டிய இருண்ட வழி, திடீரென்று குளமும் தொலைவில் சிகிரியாப் பாறைக் கோட்டையும். பக்கத்திலிருக்கும் தம்புள்ளைக் குகைக் கோயிலின் அனுபவத்தைத் திருப்பிப் போட்டது போல. அங்கே வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போகிறோம், இங்கே இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு.

அப்படியானால் பாறை பக்கத்தில் இருக்கும் எல்லா ஹோட்டலும் கோயிலா? பிக்குகளே அதை எதிர்த்தார்களே!

எதிர்த்தார்கள், 1990களின் தொடக்கத்தில், குளம் கெட்டுவிடும், தம்புள்ளையின் புனிதம் போய்விடும் என்று. அந்தப் பயம் நியாயமானது. ஆனால் முதலில் கேட்கப்பட்ட இடம் சிகிரியாவின் அருகில். அது வேண்டாம் என்று இங்கே தள்ளி வந்தது பாவாதான். அதையும் கணக்கில் சேருங்கள்.

அது நல்லெண்ணம், பௌத்தம் இல்லை. பதிலைச் சுற்றிப் போகிறீர்கள்.

சரி, நேராகவே வருகிறேன். தம்புள்ளைக் குகை வாய்களின் மேல் பாறையிலேயே ஒரு நீர்வடி விளிம்பு வெட்டியிருக்கிறார்கள், மழை உள்ளே ஒழுகாமல் இருக்க. பாறையை அப்படியே விட்டுவிட்டு, மனிதன் இருக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் வெட்டுவது. பாவாவின் ஹோட்டலும் பாறையை உடைக்காமல் தூண்கள் மேல் நிற்கிறது. நான் சொல்லும் தொடர்பு அதுதான், பாவா அப்படிச் சொன்னார் என்று சொல்லவில்லை. அவரே கட்டிய உண்மையான பௌத்தக் கட்டடம் வேண்டுமென்றால் கொழும்பு பேரை வாவியில் சீமமாலக்க இருக்கிறது, நீர் மேல் மேடைகளும் இடையில் பாலங்களும், முதல் பதிலில் சொன்ன அதே மடத்துப் பாணி.

ஸ்பாவில் சின்னதாக ஒரு புத்தர்?

இல்லை. இல்லவே இல்லை.

இன்னும் நான் ஒப்புக்கொள்ளவில்லை, அக்கா.

ஒப்புக்கொள்ள வேண்டாம், தம்புள்ளைக்கு ஒருமுறை போய்விட்டு வந்து சண்டை போடுங்கள். காலையிலேயே போங்கள். மேலே வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், வெயில் ஏறிவிட்டால் அந்தத் தரையில் கால் வைக்க முடியாது.